வெறும் தகரம்

ஈவினையில் எனக்குள்ளது இரண்டு பரப்புச் செம்மண்.
அதில் ஒன்றை மாசி பிறந்த கையோடு
கயிறு பிடித்து ஐந்தாய்ப் பிரித்தார்
விவசாயக் கந்தோர் துஷ்யந்தன்.
பாத்திக்கு ஒரு தடி, தடியில் ஒரு தகரம்,
தகரத்தில் சிவப்புப் பெயின்றில் ஓர் எழுத்து.

யூ என்றால் யூரியா.
ஆ, கதிர்காமத்தம்பியரின் பட்டி ஆடுகள்
மூன்று இரவு நின்று விட்டுப்போனது.
ப, தாட்டு உக்கவைத்த பனையோலை.
மு என்பது கறுப்பாய் ஒரு தூள், ஒரு சின்னப் பைக்கற்.
சீனித் தண்ணீர் தெளித்துச் சோயா விதையில் பிரட்டி
வெயில் படாமல் சாக்கால் மூடிக் கொண்டுபோய் ஊன்றவேண்டும்.
"உள்ளுக்குச் சீவன் இருக்கு அன்ரி,
வெயில் பட்டால் செத்துப்போகும்."
உரமும் சாகும் என்று
ஐம்பத்திரண்டு வயதில் கேள்விப்பட்டேன்.

ஐந்தாவது பாத்திக்கு ஒன்றும் இல்லை.
"சும்மா விடுங்கோ. ஒப்பிட்டுப் பார்க்க."
அதன் தகரம் வெறும் தகரம்.

யூரியாப் பாத்தி முதல் மாதமே
கண்ணில் குத்துகிற பச்சை.
சந்திக்குப் போகிறவர்கள்
சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நின்று பார்த்தார்கள்.
எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக்கூடாது.
சித்திரையில் ஒரு பின்னேரம் இடியோடு மழை.
விடிய அவ்வளவும் பாய்போலப் படுத்துக் கிடந்தது.
ஒன்றைக் கிளப்பினேன்.
வழுவழுவென்று வேர், ஒரு முடிச்சும் இல்லை.
கேட்காமலே வாய்க்கு வந்ததால்
அது உழைக்கப் பழகவில்லை.

மிச்ச யூரியா எங்கே போனதென்று
துஷ்யந்தனிடம் கேட்கவில்லை.
தேத்தண்ணி போட நான் கிணற்றடிக்குத் திரும்ப
தன் போத்தல் தண்ணீரை எடுத்து நீட்டினார்.
சுண்ணக்கல்லில் ஓட்டை அதிகம்.
மகள் பிள்ளைத்தாச்சியாய் இருந்தபோது
நாங்களும் வாங்கித்தான் குடித்தோம்.

மு பாத்தியில் செடி குட்டை, இலை மங்கல்.
வேரில் மட்டும் கடுகும் மிளகுமாய் முடிச்சுகள்.
ஒன்றை நகத்தால் நசித்தேன்.
உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்கிற பிள்ளையின் முரசு நிறம்.

ஆட்டெருவும் ஓலையும் பரவாயில்லை.
ஓலைப் பாத்தியில் பாதியை மயில் கொத்தியது.
அதைக் கொப்பியில் எழுத ஒரு கட்டமும் இல்லை.

வைகாசியில் எல்லாம் பிடுங்கி எண்ணினோம்.
ஐந்தாவதில் துஷ்யந்தன் குந்தியவர் எழும்பவில்லை.
ஒன்றும் போடாத பாத்தியில்
செடிக்கு இருபத்தேழு முடிச்சு.
"இந்த மண்ணிலேயே இருக்குது அன்ரி!"
ஃபோனை எடுத்து எட்டுப் படம் எடுத்தார்.
இனி இந்தப் பக்கத்துக்குத் தூள் தேவைப்படாது,
அறிக்கையில் அப்படித்தான் எழுதுவேன் என்றார்.
கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

இரவு நித்திரை இல்லை.
தெற்கு வளவுச் சிவமணி
அடுத்த போகம் நாலு பரப்பில் சோயா போடுகிறாள்,
காப்பை அடைவு வைத்து.
தூள் வேண்டாமென்று கந்தோர் சொன்னால்
அவள் ஏன் வாங்கப்போகிறாள்?

விடிய ஆறு மணிக்கு எடுத்தேன்.
"தம்பி, விதை பிரட்டின அன்றைக்கு
பேசின் கழுவின தண்ணி கொஞ்சம் மிஞ்சினது.
நாலுக்குப் போட்டு ஒன்றை மட்டும் பார்க்கவிட
எனக்கு ஏலாமல் போச்சு.
பொழுதுபட்ட பிறகு
அதுக்கு ஊத்திப்போட்டன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஒரு பஸ் கோன் அடித்தது.
பிறகு கொப்பி புரள்கிற ஓசை.

"எத்தனை வாளி அன்ரி?"