வருகையின் நோக்கம்

ஹாடோஸ் ரோடு, சாஸ்திரி பவன், இரண்டாவது கவுண்டர்.
ஆண்டுக்கு ஒருமுறை வருவார்.
கையில் நான்கு புகைப்படம், ஒரு கறுப்புக் குடை.

பெயர்: ரோஸ்விதா கைல்பாக்.
ஊர்: ஃப்ரைபர்க், மேற்கு ஜெர்மனி.
தொண்ணூற்றொன்றில் அந்த 'மேற்கை' நான்தான் அடித்தேன்,
ஒரு சிவப்புக் கோடு, ஒரு சுருக்கொப்பம்.
தொழில்: இசையியல் துணை விரிவுரையாளர்.
வருகையின் நோக்கம் என்ற கட்டத்துக்குள்
பொடி எழுத்தில் திணித்திருந்தார்:
பேகடையில் மத்யமம் எங்கே நிற்கிறது?

பாட்டில் எனக்குக் காது கிடையாது.
கல்யாண வீட்டில் நாயனம் தொடங்கினால்
பந்தி எப்போது என்று பார்க்கிறவன்.
ஆனால் இருப்பிடம் சரிபார்ப்பது என் வேலை.
எங்கே நிற்கிறது மேடம், என்றேன்.

நிற்கவில்லை, என்றார்.
மந்தைவெளி கனகவல்லி அம்மாளை
முப்பத்தேழு தடவை பாடவைத்து அளந்தேன்.
முப்பத்தேழு எண்.
ஃப்ரைபர்க்கில் ஒன்றுதான் கேட்கிறார்கள்.

ஓராண்டு என்று முத்திரை வைத்தேன்.

அதற்கப்புறம் அவர் வாழ்க்கை
எனக்குப் படிவங்களாகத்தான் வந்தது.
எண்பத்தாறில் ஆய்வேடு திரும்பி வந்திருந்தது.
எண்பத்தொன்பதில் 'மணமானவர்' மேல் வெள்ளை மை,
காய்வதற்குள் என்னிடம் நீட்டிவிட்டார்.
தொண்ணூற்று மூன்றில் பேராசிரியர் நாற்காலி
டாம்ஷ்கே என்று யாருக்கோ போனது.
அவர் கட்டுரைகளில் சுரமெல்லாம்
ஆடாமல் அசையாமல் உட்காருமாம்.
சொல்லிச் சிரித்தார். குடையை மறந்து போனார்.
எடுக்கத் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

பிறகு, தொழில்: பகுதிநேரம்.
பிறகு, தொழில்: வெறும் கோடு.
நோக்கம் மட்டும் அதே பொடி எழுத்து.
ஒரு வருடம் பார்க்கிறேன், கேள்விக்குறியைக் காணோம்.
விடை கிடைத்துவிட்டதா, என்றேன்.

இல்லை சார். கேட்பதை விட்டுவிட்டேன்.
இப்போது கேட்கிறேன்.

தமிழில்தான் சொன்னார்.
இரண்டும் ஒரே சொல் என்று
சைதாப்பேட்டையில் பிறந்த எனக்கு
அன்றைக்குத்தான் உறைத்தது.

போன மாதம் கோப்பு வந்தது,
ராயப்பேட்டை ஆஸ்பத்திரிச் சான்றோடு.
மூடவேண்டும். ஒரு கட்டம்தான் பாக்கி:
நாட்டை விட்டுப் புறப்பட்ட தேதி.

செத்த தேதியைப் போடுய்யா, என்றார் மேலதிகாரி.
புறப்படலையே சார்.
அப்போ, நிக்கிறாங்களா?

பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
வெளியே ஹாடோஸ் ரோட்டில்
ஏதோ ஒரு ஆட்டோ ஹாரன்
இந்த சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில்
நெடுநேரம் இழுத்துக்கொண்டிருந்தது.
மணி ஒன்றரை.
சாப்பாட்டு டப்பா மேஜைக்கடியில் அப்படியே இருந்தது.