பதினேழுக்கு உப்புநீர்

தரைக்குக் கீழே என் வேலை.
ஜன்னல் ஒன்றுண்டு, அதில் தெரிவது கால்கள் மட்டும்.
மிஷ்கோல்ட்ஸ் நகரத்துச் சேற்றை
மிதித்துக்கொண்டு வரும் பூட்ஸ்கள்.
எது நோயாளி, எது துணைக்கு வந்தவர் என்று
நடையை வைத்தே சொல்லிவிடுவேன்.
சில நாள் தவறும்.

புதன்கிழமை காலையில் கணினி ஒரு தாளைத் தள்ளும்.
எண் பதினேழு. ஆண். பிறந்தது ஐம்பத்து மூன்றில்.
எடை அறுபத்தொன்று புள்ளி நான்கு.
பெயர் கிடையாது.
கடைசி வரியில் ஒற்றை எழுத்து: ஏ அல்லது பி.
மாடியில் ஒருவருக்கும் அது தெரியாது.
டாக்டர் வார்கொனிக்குத் தெரியாது.
பதினேழுக்கே தெரியாது.

கார்போபிளாட்டினும் எட்டோபோசைடும் எல்லோருக்கும் உண்டு,
பழைய ஜோடி.
முதல் மாதங்களில் நோய் அதற்குக் கேட்கும்.
பிறகு கேட்காது.
மூன்றாவது பையில்தான் கேள்வி.
ஏ என்றால் புது மருந்து. குப்பியைக் குலுக்கக் கூடாது,
நுரைத்தால் வீண்.
பி என்றால் உப்புநீர்.
இரண்டும் தண்ணீர் நிறம்தான். இருந்தும்
இரண்டுக்கும் ஒரே பழுப்பு உறையை,
பிள்ளைக்கு ஸ்வெட்டர் மாட்டுவதுபோல்
கழுத்துவரை இழுத்துவிடுகிறேன்.

பதினேழுக்கு பி.

அக்டோபரில் ஒரு மாலை, டிராமில்,
எனக்குப் பின் இருக்கையிலிருந்து ஒருவர்
ஓட்டுநரின் முதுகைப் பார்த்துச் சத்தம் போட்டார்:
"தம்பி, வளைவில் இப்படியா பிரேக் பிடிப்பது?
உள்ளே நோயாளி இருக்கேன்!"
சிரித்தார். இருமவில்லை.
"முப்பது பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.
அங்கே நான் பதினேழு.
கட்டி பாதியாச்சு, கெர்கோ. புது மருந்துதான்.
எனக்குத் தெரியாதா என் உடம்பு?"
"நல்லது, வெண்டெல் மாமா" என்றான் ஓட்டுநர்.

பெயரை நான் கேட்டிருக்கக் கூடாது.
விதிமுறையில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது.
இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி
பழைய உருக்காலைச் சுவரோரம் நடந்தேன்.

பன்னிரண்டுக்கு ஏ.
பெண். நாற்பத்தேழு கிலோ.
அடுத்த முறை நாற்பத்து நான்கு.
அதற்கடுத்த முறை தாள் வரவில்லை.

இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.
இரண்டு பேர் ஒரு கணக்காக மாட்டார்கள்.
நானூறு பேர் வேண்டும், ஏழு நாடுகள் வேண்டும்,
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது
யாருடைய குப்பியோ என் கையில் நுரைத்துவிட்டது.
காரணம் என்ற கட்டத்தில் 'கைத்தவறு' என்று எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு
மாடியிலிருந்து ஒரு துண்டு கசகசா ரொட்டி வந்தது,
காகித நாப்கினில் சுற்றி.
பதினேழு கொண்டுவந்தாராம்.
"மருந்து கலக்கிறவங்களுக்கும் கொடுங்க" என்றாராம்.
உப்பிட்டவரை மறக்காத மனுஷன்.
இதைச் சொல்லிச் சிரிக்க
இந்தக் கட்டிடத்தில் எனக்கு ஓர் ஆள் இல்லை.
தின்றேன். நல்ல இனிப்பு.
சாயங்காலம்வரை பல்லிடுக்கில் கசகசா.

நான்கு சுற்றோடு பழைய ஜோடி நின்றுவிட்டது.
ஜனவரியிலிருந்து அவருக்கு
மூன்றாவது பை மட்டும்.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உறைபனியில்,
தான் ஓட்டிய தண்டவாளத்திலேயே பயணியாக வந்து
ஒரு மணி நேரம் கையை நீட்டி உட்காருகிறார்.

இன்றைய தாள்:
எண் பதினேழு. ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.
பி.

உப்புநீரைக் குலுக்கினால் ஒன்றும் ஆகாது.
நான் குலுக்கவில்லை.
மெல்லச் சாய்த்து, குமிழி இல்லாமல் எடுத்து,
வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்து,
பார்த்ததையே இன்னொரு முறை பார்த்து,
உறையைக் கழுத்துவரை இழுத்தேன்.

ஜன்னலில் ஒரு ஜோடி பூட்ஸ் நின்று
பனியை உதறிக்கொண்டிருந்தது.