நான்கு மணி நேர வாடகை

ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போய்
புல்லில் குத்திப் பார்த்தான் லயல்.
அரை அங்குலம் இறங்கியது.
அதற்கப்புறம் அவன் மணிக்கட்டுதான் வலித்தது.

எங்கள் புல்வெளிக்கு மழை பிடிக்காது என்றுதான்
பதினேழு வருடமாக நினைத்திருந்தேன்.
பெய்த தண்ணீர் மேலேயே நின்று, யோசித்து,
தெருவோரச் சாக்கடைக்கே போய்விடும்.
குடிக்க அதற்கு வாயில்லை என்று
தோன்றவே இல்லை.

வீடு கட்டினவன் மேல்மண்ணை லாரியில் ஏற்றி விற்றுவிட்டு
புல்டோசர் ஓடிய களிமண்மேல்
பாய் விரிப்பதுபோல் புல்லை விரித்துப் போனான்.
அதன்மேல் எங்கள் பங்குக்கு நாங்களும்:
மூன்று கோடை நின்ற டிராம்போலின்,
எட்டு வருடம் ஏரியைப் பார்க்காத படகு,
தபால்காரரைக் குரைத்துக் குரைத்தே
எல்லையோரம் பாதை போட்ட நாய்.
புல் வராத இடங்களைப் பார்த்தே
எங்கள் குடும்பக் கதையைச் சொல்லிவிடலாம்.

இண்டியானாவில் செப்டம்பர், சனிக்கிழமை.
மண் துளைக்கும் இயந்திரம்
நான்கு மணி நேரத்துக்கு எழுபது டாலர்.
"இறக்க ரெண்டு ஆள் வேணும்" என்றான் கடைப்பையன்.
எங்களிடம் இருந்தது ஒன்றரை:
லயலும், என் மூட்டுவலியும்.

பக்கத்து வீட்டு ராஸ்கோ
மேப்பிள் மரத்தை வெட்டிய நாள் முதல்
இரு வீட்டு ஆண்களுக்கும் பேச்சில்லை.
நடீனும் நானும் மட்டும்
குப்பைத்தொட்டி உருட்டும் செவ்வாய்க்கிழமைகளில்
வானிலை பற்றி, கள்ளத்தனமாக.

அவர்கள் கராஜ் கதவு மேலே போனது.
கையுறை மாட்டியபடி வந்தான் ராஸ்கோ.
"அந்தப் பக்கம் பிடி."
இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.
"பிடிச்சாச்சு."
"மெதுவா."
இறக்கி வைத்தபின் இருவரும்
இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்,
ஏதாவது அது சொல்லட்டும் என்பதுபோல.

சொன்னது. தெருவே எழுந்துகொண்டது.
குழாய்ப் பற்கள் இறங்கி மண்ணைக் கடித்து
விழுங்காமல்
விரல் விரலாக வெளியே துப்பின.
எதிர்வீட்டுச் சிறுமி சைக்கிளை நிறுத்தி,
"இவ்வளவு வாத்தா வந்துட்டுப் போச்சு?" என்றாள்.

தண்ணீர்க் குழாய்க்கு, கேபிளுக்கு என்று
நேற்றே கொடி நட்டிருந்தேன்.
கொடி நட்டதெல்லாம் தப்பித்தது.
நாய் தாண்டாமலிருக்கப் புதைத்த மின்கம்பி
எங்களுக்கே மறந்து போயிருந்தது.
நாயும் இல்லை இப்போது.
ஒரு மண்துண்டின் நுனியில் செம்பு மினுங்கியது.
அவ்வளவுதான் எல்லை.

அங்கே திரும்ப இடம் போதவில்லை.
இயந்திரம் லயலை இழுத்துக்கொண்டு
ராஸ்கோவின் புல்லுக்குள் போய்விட்டது,
இரண்டு வரிசை, சரியாகப் பதினோரடி.
பிடியை விட்டு, கையைத் தூக்கி நின்றான் லயல்,
போலீஸ் நிறுத்தியவன்போல.
ராஸ்கோ துளைகளைப் பார்த்தான்.
குனிந்து ஒன்றில் விரலை விட்டான்.
இரண்டாம் கணு வரை போனது.
"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"
"ஒண்ணேகால் மணி."
பிடியை வாங்கிக்கொண்டான்.

இதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.
பியர் திறக்கவில்லை, மேப்பிள் பேச்சு எழவில்லை.
தூக்கி வண்டியில் ஏற்றும்போது
மறுபடி "மெதுவா", மறுபடி "பிடிச்சாச்சு."
மாலையில் கதவிடுக்கில் முப்பத்தைந்து டாலர்,
கடிதமில்லாமல்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டு
பதின்மூன்று டாலர் கூடுதல் என்று கண்டுபிடித்த லயல்
அதை எப்படித் திருப்புவதென்று
இரவுச் சாப்பாடு முழுக்க மென்றான்.

பதினொரு மணிக்கு மழை.
செருப்போடு போய்ப் படியில் நின்றேன்.
சாக்கடையில் சத்தமே இல்லை.
புல்லிலிருந்துதான் வந்தது சத்தம்,
தொண்டை இருப்பவை மட்டும் எழுப்புவது.

படுக்கையறை ஜன்னல் கொஞ்சம் திறந்தது.
"இறங்குதா?"
"இறங்குது."
கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,
"அந்தப் பக்கமும் பாரேன்."