ஓசிப் பல்லு

பிச்சம்பாளையம்புதூர், மூன்றாம் மாடி.
பனியன் தூசு படிந்த கம்ப்யூட்டரில்
பில் அடிக்கிற புரோகிராம்
ஒரு சனிக்கிழமை மதியம் திறக்க மாட்டேன் என்றது.
உரிமம் முடிந்துவிட்டதாம்.
எந்தக் காலத்தில் இருந்தது, முடிய?
ஐம்பது ரூபாய்த் திருட்டு சிடியில் வந்த சாமான்.

ஓனர் பொங்கியண்ணன்
விலை விசாரித்துவிட்டுப் போனை வைத்தார்.
'பில்லையும் நோட்டுலயே எழுதிக்கம்மிணி.'

சம்பளம் எப்போதும் நோட்டுதான்.
முப்பத்தெட்டு டெய்லர்.
சிங்கருக்கு ஒரு ரேட், ஓவர்லாக்குக்கு ஒரு ரேட்,
பேட்லாக்கில் கை மடிக்கப் பீசுக்கு ஒண்ணு முப்பத்தஞ்சு.
அட்வான்சைக் கழித்து, டீக்காசைக் கழித்து
கடைசிக் கவரை ஒட்டும்போது மணி பத்தரை.
ஒரிசாப் பையன்கள்
படிக்கட்டிலேயே தூங்கியிருப்பார்கள்.

அன்று ராத்திரி
பால் பொங்குகிற நேரத்துக்குள்
போனில் இறக்கினேன், லிப்ரே ஆபீஸ்.
பணம் கேட்கவில்லை. ஆதார் கேட்கவில்லை.
ஊர் பேர் தெரியாத யாரோ
செய்து வைத்திருக்கிறார்கள்,
எடுத்துக்கோ என்று.

எங்கள் பக்கம் இது செல்லாது.
'சும்மா குடுக்கறானா? என்னத்துக்கு?'
கண்ணபுரம் சந்தையில்
தலைமுறை தலைமுறையாக மாடு பிடித்த குடும்பம் அவருடையது.
தானத்து மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது
வேறு ஊர்க்காரர்களுக்கு.

'இது வாயைத் திறந்தே நிக்குதுங்க.
உள்ள என்ன எழுதியிருக்குன்னு
யாரு வேணும்னாலும் படிக்கலாமாம்.'
'நீ படிச்சியா?'
'இல்லீங்க.'
'பொறவு?'

அடுத்த சனிக்கிழமை
ஒரு கட்டத்தில் பெருக்கலை எழுதி
மூலையைப் பிடித்து இழுத்தேன்.
பாத்தி பாத்தியாகத் தண்ணி இறங்குகிற மாதிரி
முப்பத்தெட்டுப் பேருக்கும் இறங்கியது.
மணி ஐந்து ஐம்பது.

நம்பாமல் நோட்டையும் கூட்டினேன்.
முப்பத்தேழு சரி.
சாமியாத்தா, பேட்லாக்:
திரையில் மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது இருபது.
நோட்டில் மூவாயிரத்து முந்நூற்று நாலு எண்பது.

'பாத்தியா,' என்றார் பொங்கியண்ணன்,
கிட்டத்தட்ட சந்தோஷமாக.
'ஓசிப் பல்லு ஆடுது.'

சீட்டுகளை மறுபடி எண்ணினேன்.
அப்புறம் ஏனோ எழுந்து போய்
அவள் மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.
பலகையின் உள்பக்கம் மார்க்கிங் சாக்பீசில் கோடுகள்,
டசனுக்கு ஒன்று.
ஐந்தைந்தாக நாற்பத்து மூன்று கட்டு,
ஓரத்தில் ஒரு தனிக்கோடு.
இருநூற்றுப் பதினாறு.
திரையும் அதைத்தான் சொன்னது.

புதன் ராத்திரிப் பன்னிரண்டு டசனை
நோட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகாமல்
விட்டிருந்தது
என் கை. என் எழுத்து.

'எப்ப இருந்து கோடு போடறே?'
'சேந்த நாள்ல இருந்துங்க்கா.'
'கேக்கறதுக்கு என்ன?'
'கேட்டா ஓரியாட்டம் பண்றான்னு சொல்லுவீங்க.'

நூற்றுத் தொண்ணூற்று நாலு ரூபாய் நாற்பது பைசா.
'அஞ்சு ரூவாயாவே சேத்திக் குடு,
சில்லறைக்கு எங்க போறது' என்றார் பொங்கியண்ணன்.
'மூட்டையில பழைய நோட்டு எட்டு கெடக்குதுங்க.
அதையும் ஏத்திப் பாக்கட்டுங்களா?'
அவர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார்.
'மொதல்ல கவரை ஒட்டு.'

ஒட்டினேன். ஏழு மணிக்குள் மாடி காலி.
வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை
என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு
மூட்டையை அவிழ்த்தேன்.

இப்போது சனிக்கிழமைக்கு ஒரு நோட்டு.
கடைசிக் கட்ட வரிசைக்குப் 'பாக்கி' என்று பேர்.
மூன்றாவது நோட்டில், சித்திரையில் நிற்கிறேன்.
பதினோரு பேர் வந்துவிட்டார்கள்.
இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்,
நம்பர் தேட வேண்டும்.

நேற்று நடுவில் கரண்ட் போனது.
வயிறு கலங்கிவிட்டது.
வந்ததும் அதுவாகவே கேட்டது,
சேமிக்காததை மீட்டெடுக்கவா என்று,
நல்ல தமிழில்.
அந்த வார்த்தையையும்
எவரோ சும்மாதான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

சாமியாத்தா இன்னும் கோடு போடுகிறாள்.
சனிக்கிழமை என் திரைக்கு வந்து
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்
கவரை வாங்குகிறாள்.