பார்சல் ஆபீஸ் தராசு

திங்கட்கிழமை விடியலில், நாலே முக்காலுக்கு,
மல்லிகைக் கூடைகள் ஏறி இறங்கிய ஈரம் காயாத தராசில்
ஒச்சுபாண்டி தன் நாயை ஏற்றினான்.
பெயர் பீமா.
எடை பத்தொன்பது கிலோ எழுநூறு.

"எந்த ஊருக்கு? ரசீது போடவா?" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
விலா எலும்புகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினான்,
போலீஸ்காரனே கம்பி எண்ணுவதுபோல.
உண்ணிக் காய்ச்சல் தின்றது போக மிச்சம்
ஒரு மூக்கு.
அதைச் சுமக்க நாலு கால்.

அந்த மூக்குதான் போன மாதம்
இரண்டாம் பிளாட்பாரத்தில், ஒரு பனையோலைப் பெட்டி முன்னால்
பொத்தென்று உட்கார்ந்தது.
உட்கார்ந்தால் வெடிமருந்து என்று அர்த்தம்.
வைகைக்கு நின்ற கூட்டம் படியேறி ஓடியது,
ஒற்றைச் செருப்பு ஒன்று தண்டவாளத்தில் கிடந்தது.
பெட்டிக்குள்,
பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க
யாரோ மண்டபத்திலிருந்து கொண்டுவந்த பால்சுறாக் கருவாடு.

"மூக்கு பொய் சொல்லலக்கா.
வயிறு குறுக்க பேசிருச்சு."

மெமோ வந்துவிட்டது:
பத்து வாரம். இருபத்தைந்து கிலோ.
இல்லையென்றால் பட்டியலில் பேர் இருக்காது.

முதல் வாரம் அவசரப்பட்டான்.
நெல்பேட்டையில் ஆட்டுக்கொழுப்பு வாங்கி
உருக்கிச் சோற்றில் ஊற்றினான்.
ராத்திரி முழுக்கக் கூண்டு கழுவினான்.
பத்தொன்பது இருநூறு.
தல்லாகுளத்து டாக்டரம்மா கேட்டாராம்,
"காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவனுக்கு
எடுத்த எடுப்புல கறிவிருந்தா வைப்பீங்க?"

பிறகுதான் இரண்டு வேளை நாலு வேளையானது.
குழைய வடித்த சோறு, கோழி ஈரல், கொஞ்சம் மஞ்சள் பூசணி;
முட்டை ஒன்று, பத்து நாள் பொறுத்து இன்னொன்று.
வெங்காயம் வாசல்படி தாண்டக்கூடாது.
மத்தி மீனை அவித்து முள் எடுக்கையில்
லத்தி பிடித்த விரல்களென்று சொல்லமுடியாது அவற்றை.
வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகாமல் தட்டு வைக்கமாட்டான்,
வயிறு முறுக்கிக்கொள்ளுமாம்.
எச்சில் நூலாய் இறங்க பீமா காத்திருக்கும்.
தன் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அவனும்.

நான் செய்ததெல்லாம் எழுதிவைத்ததுதான்.
ரசீதுக் கட்டின் பின்னட்டையில், பென்சிலால்,
இருபது நூறு
இருபது எண்ணூறு
இருபது எண்ணூறு (மழை, சாப்பிடவில்லை)
இருபத்திரண்டு
இருபத்து மூன்று முந்நூறு.
என் மகனுக்கு அங்கன்வாடியில் தந்த அட்டையை
இத்தனை தரம் திருப்பிப் பார்த்ததில்லை நான்.

பத்தாம் திங்கள் இன்ஸ்பெக்டரே வந்தார்.
விலா கண்ணுக்குத் தெரியவில்லை,
தடவினால் விரலுக்குத் தெரிந்தது.
அப்படித்தான் இருக்கவேண்டுமாம்.
சிவப்பு எண்கள் ஓடி, தயங்கி, நின்றன.
இருபத்து நாலு அறுநூறு.

நானூறு கிராம்.
இருபத்தொரு வருஷத்தில்
எத்தனை பூக்கமிஷன்காரர்கள் கெஞ்சியிருப்பார்கள்,
என் செருப்பு நுனி தராசு விளிம்பைத் தொட்டதில்லை.
அன்று அது தொடுகிற தூரத்தில் இருந்தது.
ஒச்சுபாண்டி என் காலைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்தான்.

அங்கே ராமேஸ்வரம் வண்டியில் இறங்கிய கூடை,
சாக்கு நனைந்து, அதே வாசம்.
பீமா தலையைத் திருப்பியது.
மூக்கு இரண்டு முறை விரிந்து சுருங்கியது.
மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
அது கொட்டாவி விட்டது,
நின்றபடியே.

"எவ்வளவும்மா?"
கால்களைச் சேர்த்துவைத்து
உள்ளதைச் சொன்னேன்.

அவர் வெகுநேரம் எழுதினார்.
எழுதியது எங்கள் பக்கம் தெரியவில்லை.
ஒச்சுபாண்டி கடிகாரத்தைப் பார்த்தான்:
பீமா சாப்பிட
இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.