இடது தோள், அரை அங்குலம்

ஒரே ஆள் சாவதற்கு
நாலு சட்டை கேட்டாள் படக்காரப் பெண்.
ஒன்று நடக்க, மூன்று ரத்தத்துக்கு.
சாட்ஸ்வொர்த் முழுக்க விசாரித்து
என் கடைக்கு வந்திருக்கிறாள்,
கையில் பழைய செய்தித்தாள் படம்:
பூபாலன் மூட்லி, பஸ் முதலாளி,
ஆற்றோரம், குப்புற.
யார் குத்தியது என்று
நாற்பத்தெட்டு வருஷமாக யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்து வெட்டு வேண்டும் ஆன்ட்டி,
பெரிய காலர், பழுப்பு நிறம்.
நீலம், என்றேன்.
கிரே ஸ்ட்ரீட் துணி, வெள்ளைக் கோடு.
எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.
பழுப்பில்தான் ரத்தம் எடுப்பாகத் தெரியுமாம்.

தைத்தவள் நான்தான்.
அவருக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.
பதினைந்து வருஷம் டிக்கெட் பையைத் தொங்கவிட்டு
ஓடுகிற பஸ்ஸில் நின்ற தோள்;
முதலாளியான பிறகும் அது ஏறவில்லை.
இரண்டு சட்டைக்குத் துணி கொடுத்தார்.
ஒன்றைப் போட்டுக்கொண்டே போனார்.
மற்றதற்குச் சீட்டு, நூற்றுப் பதினெட்டு.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை.
மெஷினில் ஊசி உடைந்து,
வாயில் குண்டூசிகளோடு நான்.
சீட்டு நீண்டது. சட்டையைக் கொடுத்தேன்.
வாங்கியது ஒரு கை. டீசல் வாடை.
பாக்கி ஐம்பது சென்ட்டை
பேரம் பேசாமல் மேஜையில் வைத்தது.

உடலை எடுத்தது திங்கட்கிழமை.
செத்து மூன்று நாள் என்றார்கள்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன்.
நான் சொன்னது ஒரு சட்டையளவு,
சார்ஜன்ட் எழுதியது ஒரு பட்டனளவு,
அதுவும் ஆப்ரிக்கான்சில்.
கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

படம் வந்தது. மாலில், ராத்திரிக் காட்சி.
கொலைகாரனைக் காட்டினார்கள்:
போட்டிக் கம்பெனிக்காரன், ஒற்றைக் கண், மழை.
ஜனம் மூச்சு விட்டது. யாரோ கை தட்டினார்கள்.
தையல்காரி வரும் காட்சி எதுவும் இல்லை.
வருத்தமில்லை எனக்கு.
நடிகனுக்குத் தோள் இரண்டும் சமம், ஆனாலும்
விழும்போதெல்லாம் சட்டை
இடப்பக்கம் சரிந்தது.
அளவு தப்பு, திருத்துங்கள் என்று
அந்தப் பெண் அப்போதே சொல்லியிருந்தாள்.
திருத்திவிட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

காவடியில், கல்யாணத்தில், சாவு வீட்டில்
இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்
ஆண்களின் இடது தோளை.
ஒருவன் அளவுக்குத் தைத்தது
இன்னொருவன் உடம்பில் சும்மா இருக்காது,
காட்டிக்கொடுக்கும்.
அல்லது அவன் போடவே இல்லையோ.
மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினானோ.
அப்படியென்றால் எதற்கு வந்து வாங்கினான்,
ஐம்பது சென்ட் கொடுத்து?

நாலாவது சட்டையில் ரத்தம் படவில்லை.
மிச்சம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
கதவோரம் மாட்டியிருக்கிறேன்,
காலரில் சீட்டைக் குத்தி,
அதே எண் எழுதி.
கேட்டு வந்தால் கொடுப்பேன்.
வாயிலிருக்கும் ஊசிகளை எடுத்துவிட்டு,
நிமிர்ந்து பார்த்துக் கொடுப்பேன்.