நூற்றுத் தொண்ணூற்றொன்பது மில்லிமீட்டர்

சேரம்பாடி மூன்றாம் டிவிஷன் சரிவில்
மலை நகர்ந்தால் சொல்வதற்கென்று
ஒரு கம்பம் நட்டிருந்தோம்.
கம்பத்தில் பெட்டி, பெட்டிக்குள்
நகத்தளவு சிம் கார்டு.
திறக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.
அது இல்லாதவர்களுக்கு
ஐந்து ரூபாய் நாணயம் போதும்.

ஆடியில் யாரோ கழற்றினார்கள்.
யாரோ என்ன யாரோ,
யோகநாதன்தான்.
இரண்டு ராத்திரி கிரிக்கெட் பார்த்தான்.
மூன்றாம் ராத்திரி, வெஸ்ட் இண்டீசில் அங்கே நல்ல வெயில்,
பதினேழாவது ஓவரில் நெட் தீர்ந்தது.
கார்டில் பதிந்திருந்த ஒரே எண்ணுக்கு,
கம்பெனிக்காரன் எண்ணென்று நினைத்து,
199 என்று அனுப்பினான்.
அவனுக்குத் தெரிந்த ரீசார்ஜ் அது.

கோயம்புத்தூரில் எங்கள் சர்வர்
எண்ணைப் பார்த்தது. கம்பத்தின் எண்.
பேசுவது யார் என்று கேட்க
அதற்கு நான் கற்றுத்தந்திருக்கவில்லை.
மலை நூற்றுத் தொண்ணூற்றொன்பது மில்லிமீட்டர்
இறங்கிவிட்டதாகப் படித்தது.
ஒன்றே முக்காலுக்குச் சங்கு ஊதியது.

அறுபத்து மூன்று குடும்பம்
மழையோடு மழையாகப் பள்ளிக்கூடத்துக்கு.
ஒருவர் தோளில் கேஸ் சிலிண்டர்.
ஒருவர் கக்கத்தில் விழிக்காத கோழி.
ஞானசௌந்தரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இரு பிள்ளைகளை இரு கையில் இழுத்தபடி.
யோகநாதனும் ஓடினான்,
சங்கு அவன் சட்டைப்பையில் இருப்பது தெரியாமல்.
விடியும்வரை
மலை இருந்த இடத்தில் இருந்தது.

இருபது நாள் கழித்து மறுபடி ஊதியபோது
பள்ளிக்கு வந்தது நாலே குடும்பம்.
அன்றைய நாற்பது மில்லிமீட்டர் நிஜம்.
கழிப்பறையும் ஒரு வரிசைத் தேயிலையும் போயின.
ஆட்கள் போகவில்லை.
அதற்குக் காரணம் எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.
புலி வருது கதையை
புலி வருகிற ஊரில் எனக்கு
யாரும் விளக்கவில்லை.

புரட்டாசியில் புதுப் பெட்டியோடு வந்தேன்.
இதில் கார்டு இல்லை.
மிளகளவு சில்லு, போர்டோடு பற்றவைத்தது,
நாணயத்துக்கு இடுக்கு இல்லை.
சாவி அதற்குள்ளேயே இருக்கிறது,
வெளியே வராது, எனக்கும் தெரியாது.
சர்வர் ஒரு எண்ணை வீசும்.
சில்லு அதைத் தன் சாவியில் கடைந்து
திருப்பித் தரும்.
தப்பாய்க் கடைந்தால் கதவு இல்லை.
ஒரு கம்பெனி டவர் சாய்ந்தால்
இன்னொன்றுக்கு மாற்றலாம்,
கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடி.

லேப்டாப்புக்குக் குடை பிடித்த ஞானசௌந்தரி சிரித்தாள்.
"ஆள் வராமலே மாத்துவீங்களா?
எங்கப்பா கப்பலேறி மண்டபத்துல இறங்கி
ஒரு ரேஷன் கார்டுக்கு
நாலு வருஷம் நடந்தாரு."

பிறகு கேட்டாள்:
"பெட்டியவே புடுங்கிட்டுப் போனா?"
திறந்தால் சொல்லிவிடும் என்றேன்.
பதினைந்து நிமிடம் பேசாமலிருந்தாலும்
சங்கு ஊதும் என்றேன்.
"பேசலைன்னாலும் ஓடணுமா?"
ஓடணும்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அதுவும் சரிதான்.
புள்ள சத்தமில்லாம இருந்தாத்தான் பயம்."

ஏணியைப் பிடித்திருந்தவன் யோகநாதன்.
திருகுகள் அவன் உள்ளங்கையில்.
"அக்கா, அதே நம்பருக்கு
199 அனுப்பிப் பாக்கட்டா?"
அனுப்பு என்றேன்.
அனுப்பினான்.
மூன்று பேரும் சங்கை அண்ணாந்து பார்த்தோம்.
பனிமூட்டம் அதன் வாய்க்குள் போய் வந்தது.
என் திரையில் ஒரு சிவப்பு வரி:
அறியாதவர். நிராகரிக்கப்பட்டது.
கீழே ஒரு பச்சை வரி:
0.3. கையொப்பம் சரி.
மலைதான் பேசியது.

குடையை மடக்கி உதறினாள்.
"யோகா, அடுத்த வாட்டி ஊதினா
நீதான்டா மொதல்ல ஓடணும்.
நீ ஓடுறதப் பாத்தாத்தான்
இந்த லயத்துல நம்புவாங்க."

அவன் திருகுகளை எண்ணினான்.
ஒன்று குறைந்தது.